அக்காவின் முந்தியில் என் முதல் கேம்

நான் உருவாக்கிய முதல் வீடியோ கேமை இன்றுவரை முழுதாக விளையாடியவர் ஒரே ஒருவர்தான். ஆனால் அதற்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். வேறெந்த கேம் டிசைனருக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது. கிடைக்கவும் வேண்டாம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கேம் டிசைன் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆரணியில் எங்கள் தெருவுக்கு இதை விளக்குவதற்குள் அப்பாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"பையன் இன்னா படிக்கிறான்?"

"கேமு."

"ஓ, பி.டி. மாஸ்டரா? நல்ல வேலைதான். கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டுட்டான்னா கவலயே இல்ல."

அப்பா முதலில் ஒரு மாதம் மறுத்துப் பார்த்தார். அப்புறம் அவரே "பி.டி. மாஸ்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். (அப்போது என் எடை நாற்பத்தெட்டு கிலோ. நான் விசில் ஊதினால் ஒரு பிள்ளைகூட வரிசையில் நின்றிருக்காது.)

எனக்கோ படிக்கிற பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒருத்தன் குதித்தால் எவ்வளவு நேரம் காற்றில் இருக்க வேண்டும், எந்த இடத்தில் தோற்றால் மறுபடி ஆடத் தோன்றும் என்றெல்லாம் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்திருந்தேன். படித்ததை லீவில் வந்து வீட்டில் இறக்குவேன்.

"அம்மா, எடுத்தவுடனே சாம்பார், சட்னி, பொடின்னு எல்லாத்தையும் வெக்கக்கூடாது. மொதல் லெவல்ல சட்னி மட்டும். அத தாண்டினாதான் சாம்பார்."

"ரெண்டாவது லெவல்ல தொடப்பம் வருது, தாண்டறியா பாக்கலாம்" என்பாள் அம்மா.

கடைசி வருட புராஜெக்டுக்கு ஒரு முழு கேம் செய்ய வேண்டும். என் கேமின் கதை எளிது. ஆரணி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் புறப்பட்டுவிட்டது. ஒருவன் கையில் சூட்கேஸோடு அதைப் பிடிக்க ஓடுகிறான். பின்னால் ஒரு நாய் துரத்துகிறது. நடுவில் நெல்மூட்டை லாரி, பூக்கூடை, சைக்கிள் என்று எல்லாவற்றையும் தாண்டிக் குதிக்க வேண்டும். நாய் பிடித்துவிட்டால் ஆள் மல்லாந்து விழுந்து இரண்டு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்வான். ஆட்டம் முடிந்தது.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு கொள்கை உண்டு. "படமெல்லாம் கடைசியில். முதலில் வெறும் வெள்ளைச் சதுரம் ஓடட்டும், குதிக்கட்டும், சாகட்டும். சதுரம் ஓடினால் மனிதன் தானாக ஓடுவான்" என்பார். அவர் சொன்னவற்றில் நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான். என் புராஜெக்டில் ஒரு வெள்ளைச் சதுரத்தை இன்னொரு வெள்ளைச் சதுரம் மாதக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்தது.

படங்களை ஆரணியில் வரைந்தேன். காரணம், சித்தப்பாவின் கடை. வீட்டில் அப்பா நெய்யும் பட்டுப்புடவைக்கும் ஊரில் மற்ற தறிகளுக்கும் டிசைன் போடுகிறவர் சித்தப்பா. கட்டம் போட்ட திரையில் கம்ப்யூட்டரில் பூவோ மயிலோ வரைவார். அதை ஒரு மிஷினுக்குக் கொடுத்தால் அது அட்டையில் ஓட்டை ஓட்டையாக அடித்துத் தரும். அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டைக்குத் தகுந்தபடி அது நூலைத் தூக்கிக் கொடுக்கும், ஜரிகையில் மயில் வந்துவிடும். ஒரு கட்டம் ஒரு புள்ளி. கேம் பொம்மைக்கும் ஒரு கட்டம் ஒரு புள்ளிதான். பல்கலைக்கழக லேபில் கம்ப்யூட்டருக்குக் கியூவில் நிற்பதைவிட, சித்தப்பா கடையில் டீ குடித்துக்கொண்டே புடவை சாப்ட்வேரில் என் ஆளையும் நாயையும் வரைந்துவிடலாமே! ஓடும் ஆள் எட்டு நிலை, துரத்தும் நாய் ஆறு நிலை, காலைத் தூக்கி விழுந்தவன் ஒரு நிலை. எல்லாவற்றையும் ஒரே கட்டத் திரையில் வரிசையாக வைத்தேன். முந்தி டிசைன் எந்த அளவோ, அச்சு அசலாக அதே அளவு.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகம். இன்னொன்று, காபி ஆறிப்போயிருந்ததாம். (காபி கொண்டுபோனது நான்தான். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.) இந்த முறை மாப்பிள்ளை களம்பூரில் ரைஸ்மில் வைத்திருந்தார். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் போட்டோவைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு நாற்பது தடவை நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம்தான் வீட்டில் எல்லோருக்கும் பயம். நாங்கள் அத்தை என்று கூப்பிடும் அவர் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். புடவையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தே யார் தறியில் ஓடியது என்று சொல்லிவிடுவார். நிச்சயதார்த்தத்துக்கு அப்பா கட்டியிருந்த வேட்டியைக்கூட அவர் ஓரக்கண்ணால் பார்த்த விதத்தில், அப்பா அன்று முழுக்க நிற்கவே இல்லை, உட்கார்ந்தபடியே இருந்தார்.

அத்தை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். "கூரப்புடவ எங்க செலவுதாங்க. ஆனா சம்மந்தி வூட்ல தறி இருக்கும்போது நாங்க கட கடயா ஏறி எறங்கறது நல்லாவா இருக்கும்? நீங்களே நெய்ஞ்சி குடுத்துருங்க. முந்தியில அன்னம் இருக்கணும், மாங்கா இருக்கணும். வேற எதயும் போட்டு பேஜார் பண்ணாதீங்க."

"முந்தி டிசைன நான் போடறேன்" என்றேன்.

"வேணாம்டா" என்றாள் அக்கா.

"அட்வான்ஸ்டு டிசைன் படிக்கிறேன்க்கா!"

"அதான்டா வேணான்றேன்."

யார் கேட்டார்கள்? பத்து நாள் லீவில் காலையில் அன்னமும் மாங்காயும், மதியம் ஆளும் நாயுமாக வரைந்து தள்ளினேன். இரண்டையும் இரண்டு கறுப்பு பிளாப்பியில் போட்டேன். லேபிள் ஒட்டவில்லை. லேபிள் ஒட்டுவது ஞாபகமறதிக்காரர்களின் வேலை என்பது அந்நாளில் என் அசைக்க முடியாத கொள்கை. ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்து, "முந்தி, அட்டை அடிச்சிருங்க சித்தப்பா" என்றேன். மற்றதைப் பையில் போட்டுக்கொண்டேன். "என் கேம் படத்தையும் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி வெச்சிருக்கேன், அப்பாவ கூட்டிகினு வந்து காட்டுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

எது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஐந்து வாரம் ஆனது.

சித்தப்பா கல்யாணப் பத்திரிகை வேலையாக அலைந்துகொண்டிருந்ததால் பிளாப்பியைத் திறந்து பார்க்காமல் மிஷினில் செருகிவிட்டார். மிஷின் அடித்த அட்டையில் ஓட்டை தெரியுமே தவிர நாய் தெரியாது. அப்பா அட்டையைத் தறியில் ஏற்றிவிட்டார். கல்யாணப்பெண் புடவைக்குக் கண் பட்டுவிடும் என்று, நெய்த பாகத்தின்மேல் ஒரு வேட்டியைப் போர்த்திவிட்டார். அக்காவோ அம்மாவோ எட்டிப் பார்க்கக்கூடாது. அவர் மட்டும்தான் பார்த்தார். பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"டேய், நீ போட்டத இப்பதான்டா பாத்தேன்."

சித்தப்பா கம்ப்யூட்டரில் இருக்கும் கேம் படத்தைத்தான் சொல்கிறார் என்று நான் துள்ளிக் குதித்தேன். "பாத்தீங்களாப்பா! எப்படி இருக்கு?"

"ஆளு ஓடறான், சரி. பின்னாடி நாய் ஒண்ணு வருதே, அது வேணுமாடா?"

"என்னப்பா இப்படிக் கேக்குறீங்க? நாய்தான்ப்பா உயிரே! நாய எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இல்ல."

"அதில்லடா. ஒருத்தன் ரெண்டு காலயும் தூக்கினு மல்லாந்து கெடக்கறானே…"

"அவன் கடைசில கண்டிப்பா வரணும்ப்பா. அவன் வந்தாதான் முடிவு."

அப்பா தயங்கித் தயங்கி, "கல்யாண நேரத்துல நாலு பேரு பாத்தா…" என்று இழுத்தார்.

"பாக்கட்டும்ப்பா! கல்யாணத்துக்கு வர்ற எல்லாருக்கும் காட்டுவோம்!"

"சரிடா. படிச்சவன் நீ, உனக்குத் தெரியாததா" என்று போனை வைத்துவிட்டார். எங்கள் அப்பா எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்கு ஒரே ஒருநாள் பேசித் தொலைத்திருக்கலாம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் காலையில் எனக்கு வைவா. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிரிப்பு என்பதையே மறந்தவர்போல உட்கார்ந்திருந்தார். நான் கடைசி நிமிடத்தில் பிளாப்பியிலிருந்து படத்தை ஏற்றி, சதுரங்களுக்குப் பதிலாக மாட்டிவிட்டு, "சார், இதுதான் என் கதாநாயகன்" என்று பட்டனைத் தட்டினேன்.

திரையில் ஆரணி பஸ் ஸ்டாண்ட் வந்தது. சென்னை பஸ் புறப்பட்டது. அதைப் பிடிக்க அரை அன்னம் ஓடியது. ஆளுக்கு ஒதுக்கியிருந்த கட்டத்துக்குள் கழுத்திலிருந்து மேல்பாதிதான் அடங்கியிருந்தது. அதன் பின்னால் ஒரு மாங்காய் வெறிபிடித்துத் துரத்தியது. மாங்காய் தொட்டதும் அன்னம் மறைந்து ஒரு தாமரைப்பூ மலர்ந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேர்வாளர் மட்டும் என் கையிலிருந்து கீபோர்டை இழுத்துக்கொண்டார். விளையாடினார். விளையாடிக்கொண்டே இருந்தார். ஏழெட்டு முறை மாங்காயிடம் மாட்டித் தாமரையானார். கடைசியில் பஸ்ஸைப் பிடித்துவிட்டு நிமிர்ந்து, "அந்த மாங்காய் எதுக்குப்பா துரத்துது?" என்று கேட்டார்.

"மரபு, சார்" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் சொல்லிவிட்டது. "ஊரை விட்டுப் போறவனை அவன் மரபு துரத்துது."

"தாமரை?"

"சரணாகதி, சார்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கலை அம்சத்துக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. வெளியே வந்து நான் ஆனந்தக் கூத்தாடினேன். நாலு குதி குதித்திருப்பேன். ஐந்தாவது குதியில் காற்றில் இருக்கும்போதே உறைத்தது. அன்னமும் மாங்காயும் இங்கே இருக்கிறதென்றால் அங்கே என்ன இருக்கிறது?

வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா எடுத்தாள். பின்னணியில் அழுகைச் சத்தம்.

"பொடவய தறியிலருந்து அறுத்து இப்பதான்டா பிரிச்சோம். உங்கக்கா அழுதுகினு கெடக்கறா. உங்கப்பா நாய்தான் உயிருன்னு நீயே சொன்னன்றாரு. சாயங்காலம் சம்மந்தியம்மா வராங்கடா பொடவய வாங்கினு போக. பாவி, ஜல்தியா வந்து சேரு!"

போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் கல்யாணத்துணி அடைத்த சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மூன்றாவது சம்பந்தமும் போகப்போகிறது, இதுவும் என்னால்தான் என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆரணியில் இறங்கியதும் ஓட்டமெடுத்தேன். சூட்கேஸோடு ஒருவன் தலைதெறிக்க ஓடினால் ஆரணி நாய்கள் சும்மா விடுமா? கடைத்தெருவில் ஒன்று கிளம்பியது. என் கேமில் நான் போட்ட நாயைவிட இது வேகம். லெவலுக்கு லெவல் கூடவே வந்து, எங்கள் தெருமுனையில் என் பேண்ட்டின் பின்பக்கத்தில் ஒரு முழம் கிழித்து எடுத்துக்கொண்டு போனது.

வாசற்படியில் போய் மூச்சிரைக்க நின்றேன்.

கூடத்தில் பாயில் அத்தை. சுற்றிலும் களம்பூரிலிருந்து கூட வந்த நாலு பெண்கள். அத்தையின் மடியில் அரக்கு நிறப் பட்டுப்புடவை, முந்தி விரிந்து கிடக்கிறது. பளபளவென்று அசல் ஜரிகையில் எட்டு பேர் சூட்கேஸோடு ஓடுகிறார்கள். ஆறு நாய்கள் துரத்துகின்றன. கீழே ஒருத்தன் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறான். என்னதான் சொல்லுங்கள், அப்பா நெய்த நேர்த்தி! நாயின் பல்கூடத் தெரிந்தது.

சுவரோரமாக அக்கா. முகம் வீங்கி, கண் சிவந்து, பஞ்சாங்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது.

"இன்னா அண்ணி இது?" என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி. "கூரப்புடவயில நாய போட்டு வெச்சிருக்காங்க!"

அத்தை முந்தியைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார். முந்தியைப் பார்த்தார். நிமிர்ந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். சூட்கேஸைப் பார்த்தார். மறுபடி முந்தியைப் பார்த்தார். கடைசியாக அக்காவைப் பார்த்தார். பிறகு நிதானமாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தியைக் கண்ணருகே கொண்டுபோய், படாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பைரவருடீ!"

கூட வந்த பெண்கள் முந்தியின் மேல் குனிந்தார்கள்.

"நாய் வாகனம் தெரியல? எங்க மாமியார் காலத்துலருந்து நாங்க பைரவர கும்புடறது இவங்களுக்கு யாரு சொன்னா?"

நாலு பெண்களும் அவசர அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா சத்தியசந்தர். "இல்லீங்க சம்மந்தி, அது வந்து நம்ம பையன்…" என்று வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை மிதித்த மிதியில் அப்படியே "பைரவா!" என்று முடித்துவிட்டார்.

நாலில் ஒருத்திக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அப்ப இது யாரு அண்ணி, கால தூக்கினு கெடக்கறது?"

இந்த இடத்தில் அத்தைக்கே கொஞ்சம் தடுமாற்றம். நான் "சரணாகதி" என்று சொல்ல வாயெடுத்தேன். சுவரோரத்திலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா முந்திக்கொண்டாள்.

"அங்கப்பிரதட்சணம், அத்தை."

அத்தை அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பொண்ணுன்னா இது பொண்ணு" என்றார். புடவையை மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. ஒரே ஒரு சிக்கல். முந்தியில் சாமி இருப்பதால் அதன்மேல் குந்தக்கூடாது, கீழே பட்டுவிடக்கூடாது என்று களம்பூர்க்காரர்கள் உத்தரவு போட்டுவிட்டார்கள். அக்கா முகூர்த்தம் முழுக்க முந்தியைக் கைக்குழந்தைபோல இடுப்பில் ஏந்திக்கொண்டே இருந்தாள். அக்கினி வலம் வரும்போது என்னைக் கடந்த மூன்று தடவையும் முறைத்தாள். தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளை முந்தியை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ சீர் கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டே போய்க் காதைக் கொடுத்தேன்.

"குதிக்கறதுக்கு எந்த பட்டன்?" என்றார்.

அந்த மனிதரை அன்றையிலிருந்து எனக்கு உயிர்.

என் சங்கடம் அத்தோடு தீரவில்லை. அத்தை அந்தப் புடவையை ரைஸ்மில் பூஜை அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிட்டார். தேய்பிறை அஷ்டமிதோறும் விளக்கு, வடைமாலை, கற்பூரம். ஓடுகிற பைரவர் என்பதால் பிரயாணத்துக்கு விசேஷம் என்று யாரோ கிளப்பிவிட, லோடு ஏற்றிக் கிளம்பும் லாரி டிரைவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். நான் போகும்போதெல்லாம் எனக்கும் தட்டில் கற்பூரத்தை நீட்டுவார்கள். நான் வரைந்த நாய்க்குக் காட்டிய கற்பூரத்தை நானே கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

எத்தனை வருடம்தான் தாங்குவது? போன வருடம் அத்தையைத் தனியாகப் பிடித்து, "அத்தை, ஒரு உண்மைய சொல்லணும். அது பைரவர் இல்ல" என்றேன்.

அத்தை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"பைரவருக்கு எதுக்குடா சூட்கேஸு?"

புடைப்பதை நிறுத்தாமலே தொடர்ந்தார்.

"தறிக்காரன் வூட்ல பொறந்தவ நானு. எனக்கா தெரியாது? நீ சூட்கேஸும் கிழிஞ்ச பேண்ட்டுமா வாசல்ல வந்து நின்னியே, அப்பவே புரிஞ்சிபோச்சு இது யாரு வேலன்னு. உங்கக்கா மூஞ்சிய பாத்தேன், மனசு கேக்கல. கூட வந்ததுங்க வாய வேற எனக்குத் தெரியும். சாமின்னு சொன்னாதான் ஒருத்தியும் மூச்சு வுடமாட்டா."

"அப்ப இத்தன வருசமா எதுக்கு அத்தை கற்பூரம்?"

"ஆரம்பிச்சிட்டேனே. நிறுத்தினா சாமி குத்தமாயிடாது?"

இந்தக் கதை இப்போது இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் நான் களம்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்பிப் பெட்டியைத் தூக்கினால் போதும், உள்ளேயிருந்து அத்தையின் குரல் கணீரென்று வரும்: "பைரவரு கெளம்பிட்டாரு, யாராவது நாய கட்டுங்க!"